உள்ளே ஒரு உப்பு, வெளியே ஒரு உப்பு

கீரிமலைக் கேணியில் குளித்திருப்பீர்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் ஊற்று நீர், அந்தப் பக்கம் கடல். மதிலைத் தாண்டி நாலு முழம் போய் ஒரு வாய் தண்ணீர் பட்டால் போதும், ‘தூ’ என்று துப்புவீர்கள்.

உங்கள் உடம்புக்குள்ளும் மதில்கள் உண்டு. 30 கிலோ நிறையுள்ள பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய 18 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. அதில் 12 லீற்றர் கலங்களுக்குள்ளே. கலங்களைச் சுற்றி நாலரை லீற்றர். மீதி ஒன்றரை லீற்றர் இரத்தக் குழாய்களில் குருதித் திரவவிழையமாக ஓடுகிறது.

கீரிமலையை நினைத்து, கலத்துக்குள் இருப்பது நல்ல தண்ணீர் என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளேயும் உப்புத்தான், ஆனால் வேறு உப்பு. வெளியே கறியுப்பில் உள்ள சோடியம் அயன், உள்ளேயிருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். உள்ளே, இளநீரில் நிறைய இருக்கும் பொற்றாசியம் அயன், வெளியேயிருப்பதைப்போல் முப்பது மடங்களவு.

இவை எப்படிக் கலக்காமல் இருக்கின்றன? கலக்கத்தான் பார்க்கின்றன. கலமென்சவ்வு கொஞ்சம் ஒழுகும். ஓட்டை வள்ளத்தில் ஓயாமல் தண்ணீர் இறைப்பதுபோல, சவ்வில் பதிந்திருக்கும் பம்பிகள் ஒவ்வொரு தடவையும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொற்றாசியத்தை உள்ளே எடுக்கின்றன. நீங்கள் தூங்கும்போதும் இறைப்பு நிற்காது. இரவு சாப்பிட்ட புட்டில் நல்ல பங்கு இதற்கே போகிறது!

1957 இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ இந்தப் பம்பியை எதில் கண்டுபிடித்தார் தெரியுமா? கடற்கரை நண்டின் கால் நரம்பில். நாமென்றால் குழம்பு வைத்திருப்போம். நோபல் பரிசு அவருக்கு 1997 இல்தான் வந்தது.

இரத்த மயிர்க்குழாயின் சுவரோ மதில் அல்ல, கதியால் வேலி. காற்றும் கோழிக்குஞ்சும் நுழையும், மாடு நுழையாது. தண்ணீரும் உப்பும் தாராளமாகப் போய்வருவதால் வேலியின் இரு பக்கமும் உப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மாடு, புரதம். ஈரல் செய்யும் அல்புமின் போன்ற புரதங்கள் பெரியவை. அவற்றில் மிகச் சிலவே வெளியே கசியும். 100 மில்லிலீற்றர் திரவவிழையத்தில் 7 கிராமளவு புரதம் இருக்கும். வேலிக்கு வெளியே அதைவிட நன்றாகக் குறைவு.

இந்தப் புரதங்கள் சும்மா நிற்பதில்லை, தண்ணீரையும் குழாய்க்குள் இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரல் பழுதாகி அல்புமின் மிகவும் குறைந்தவரின் கால் வீங்குவது இதனால்தான். வீங்கிய கணுக்காலை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு குழி விழும். வேலிக்கு வெளியே தேங்கிய தண்ணீர் திரும்பி வர வர, அந்தக் குழி மெல்ல மெல்ல நிரம்பும்.