எம்டன் முதல் காபூல் வரை: இந்தியாவில் ஜெர்மானிய உளவுத்துறை தோற்ற கதை

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து நின்ற ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கரையிலிருந்து பீரங்கிகள் பதில் கொடுத்தபோதும் கப்பல் சேதமின்றி இருளில் மறைந்துவிட்டது. சேதத்தைவிட அச்சமே பெரிதாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் நகரத்தை விட்டு உள்நாட்டு ஊர்களுக்கு வெளியேறினர். பலமனேர் உள்ளிட்ட சித்தூர் மாவட்டமும் அடங்கிய பரந்த மாகாணம் ஒன்றின் தலைநகரம், போர் தொடங்கி இரண்டே மாதங்களுக்குள் எதிரியின் குண்டுக்கு இலக்கானது. எதற்கும் அஞ்சாத, சாமர்த்தியமான ஆளை ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கம் தமிழில் அந்த இரவுக்குப் பிறகே வந்தது.

எம்டன் நடத்தியது வெளிப்படையான கடற்படைத் தாக்குதல். அதே காலத்தில் இந்தியாவைக் குறிவைத்து ஜெர்மனி மறைமுகமான இன்னொரு வேலையையும் தொடங்கியிருந்தது. இரண்டு உலகப் போர்களிலும் தொடர்ந்த அந்த முயற்சியில் விடுதலை வேட்கை கொண்ட இந்தியர்கள் பலர் பங்கேற்றனர். சிலர் உயிரையும் இழந்தனர். ஜெர்மானிய உளவுத்துறைக்கோ அதில் கிடைத்தது அநேகமாகத் தோல்விதான்.

பெர்லின் குழுவும் ஆயுதக் கப்பலும்

முதல் உலகப் போர் மூண்டதும், பிரிட்டனின் குடியேற்ற நாடுகளில் கிளர்ச்சியைத் தூண்டுவதற்காக மேக்ஸ் வான் ஓப்பன்ஹைம் என்பவரின் தலைமையில் கீழை நாடுகளுக்கான தனிப் பிரிவு ஒன்று பெர்லினில் நிறுவப்பட்டது. அதன் ஆதரவோடு செயல்பட்ட இந்தியர்களின் பெர்லின் குழுவில், சரோஜினி நாயுடுவின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயவும் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளையும் முக்கியமானவர்கள்.

செண்பகராமன் எம்டன் கப்பலிலேயே வந்து சென்னை மீது குண்டு வீசச் செய்தார் என்ற கதை தமிழ்நாட்டில் இன்றும் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. கிழக்காசியாவில் இருந்த ஜெர்மானியக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்தது எம்டன். செண்பகராமனோ அப்போது ஐரோப்பாவில், சூரிச் நகரிலும் பின்னர் பெர்லினிலும் அரசியல் பணியில் இருந்தார். அவருடைய உண்மையான பங்களிப்புக்கு இந்தக் கட்டுக்கதையின் துணை தேவையில்லை.

பெர்லின் குழுவும் அமெரிக்காவின் கதர் கட்சியும் ஜெர்மானியத் தூதரகத்தின் பணத்தில் தீட்டிய பெருந்திட்டம், வங்கப் புரட்சியாளர்களுக்குக் கப்பலில் ஆயுதம் அனுப்புவது. 1915 மார்ச்சில் ‘ஆனி லார்சன்’ என்ற பாய்மரக் கப்பல் ஆயுதங்களுடன் கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து புறப்பட்டது. மெக்சிகோவை ஒட்டிய ஒரு தீவருகே ‘மாவரிக்’ என்ற கப்பலில் அவற்றை மாற்றி ஏற்ற வேண்டும். இரண்டு கப்பல்களும் சந்திக்கவே இல்லை. ஜூன் மாத இறுதியில் ஆனி லார்சனை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினர். ஆயுதத்தை எதிர்பார்த்து ஒடிசாவின் பாலசோர் பகுதியில் தங்கியிருந்த பாகா ஜதின், போலீசாருடன் நடந்த மோதலில் படுகாயமடைந்து செப்டம்பர் 10-ஆம் தேதி இறந்தார். பெர்லினில் போட்ட கணக்கு பிழைத்ததற்கான விலை வங்கத்தில் கொடுக்கப்பட்டது. அடுத்த போரிலும் இதே நிலை திரும்பியது.

அப்வேர்: பெயர் தற்காப்பு, வேலை வேறு

போரில் தோற்ற ஜெர்மனியின் ராணுவத்தை வெர்சாய் ஒப்பந்தம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1921-இல் மீண்டும் அமைக்கப்பட்ட ராணுவ உளவுத்துறைக்கு ‘தற்காப்பு’ என்ற பொருள் தரும் ‘அப்வேர்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. 1935 ஜனவரியில் கடற்படை அதிகாரி வில்ஹெல்ம் கனாரிஸ் அதன் தலைவரானார். இவர் முதல் போரில் பணியாற்றிய ‘டிரெஸ்டன்’, எம்டனின் சகோதரிக் கப்பல். ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்டவை அந்த இரண்டும்.

கனாரிஸின் கீழ் அப்வேர் மூன்று முக்கியப் பிரிவுகளாக இயங்கியது. முதல் பிரிவு வெளிநாடுகளில் உளவு பார்த்தது. மூன்றாம் பிரிவு எதிரி உளவாளிகளைத் தேடியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த இரண்டாம் பிரிவின் பணி நாசவேலையும், எதிரி நாட்டின் அதிருப்தியாளர்களைத் தூண்டிவிடுவதும். இந்தியா இந்தப் பிரிவின் கண்ணில்தான் பட்டது.

இரண்டாம் பிரிவின் ஆயுதக் கரம் பிராண்டன்பர்க் படை. இதை உருவாக்கிய தியோடர் வான் ஹிப்பெல், முதல் போரில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில் லெட்டோ-வோர்பெக்கின் கீழ்ப் போரிட்டவர். அங்கே, இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தில், 1914 நவம்பரில் சுமார் ஆயிரம் பேர் கொண்ட ஜெர்மானியப் படை, எட்டாயிரம் பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையைத் திருப்பியனுப்பியது. தோற்றுத் திரும்பியவற்றில் சென்னை ராணுவ மரபில் வந்த 63-ஆம் பாளையங்கோட்டை காலாட்படையும் ஒன்று. நிலத்தை அறிந்த சிறு குழு பெரும்படையைத் தடுமாறச் செய்யலாம் என்ற பாடத்தை ஹிப்பெல் ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்துச் சென்றார்.

1939 அக்டோபரில் பிராண்டன்பர்க் நகரில் ‘கட்டுமானப் பயிற்சிக் கம்பெனி 800’ என்ற சாதுவான பெயரில் இந்தப் பிரிவு தொடங்கப்பட்டது. வெளிநாடுகளில் வளர்ந்து அங்குள்ள மொழியையும் பழக்கங்களையும் சொந்தமாக அறிந்த ஜெர்மானியர்களே இதில் விரும்பிச் சேர்க்கப்பட்டனர். படையெடுப்புக்குச் சற்று முன் எதிரியின் சீருடையில் ஊடுருவி, பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் தகர்க்கப்படாமல் கைப்பற்றுவது அவர்களது தனித்திறன். 1940 மே 10-ஆம் தேதி நெதர்லாந்தின் கென்னெப் ரயில்பாலம் இப்படித்தான் வீழ்ந்தது. டச்சு ராணுவப் போலீசாரின் உடையில் வந்தவர்கள், பிடிபட்ட ஜெர்மானியக் கைதிகளை அழைத்துச் செல்வதுபோல நடித்தனர். 1942 ஆகஸ்டில் காகசஸ் பகுதியின் மைக்கோப் எண்ணெய் வயலில் அறுபதுக்கும் சற்று அதிகமானோர் சோவியத் ரகசியப் போலீசாரின் உடையில் நுழைந்து குழப்பம் விளைவித்தனர்.

எதிரியின் சீருடையைத் தவறாகப் பயன்படுத்துவதை 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை தடை செய்கிறது. பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு கிடைக்காது, சுடப்படலாம். அதை அறிந்தே இவர்கள் சென்றனர்.

காபூலில் விரித்த வலை

பழக்கமான ஐரோப்பிய மண்ணில் கைகொடுத்த இந்தத் திறமை இந்திய எல்லையில் எடுபடவில்லை. 1941-இல் அப்வேர் தன் ஆட்களை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியது. வசீரிஸ்தான் மலைகளில் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போராடிவந்த இப்பி ஃபக்கீரைச் சந்தித்துப் பணமும் ஆயுதமும் கொடுப்பது நோக்கம். தொழுநோய் ஆய்வாளரான மருத்துவர் ஓபர்டோர்ஃபரும், பட்டாம்பூச்சி ஆய்வாளர் பிராண்ட்டும் ஆராய்ச்சியாளர்களாகவே காபூலுக்கு வந்தனர். ஜூலை மாதம் எல்லையை நோக்கிப் புறப்பட்ட அவர்களை ஆப்கன் வீரர்கள் வழிமறித்தனர். ஓபர்டோர்ஃபர் கொல்லப்பட்டார், பிராண்ட் காயத்துடன் பிடிபட்டார்.

இதற்குச் சில மாதங்கள் முன்புதான் சுபாஷ் சந்திர போஸ் அதே காபூல் வழியாக ஐரோப்பா சென்றிருந்தார். 1941 ஜனவரியில் கொல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து தப்பிய அவரைப் பெஷாவரிலிருந்து மலைப்பாதையில் காபூலுக்கு அழைத்துச் சென்றவர் பகத்ராம் தல்வார். பஞ்சாப் ஆளுநரைச் சுட்ட வழக்கில் 1931-இல் தூக்கிலிடப்பட்ட ஹரிகிஷனின் சகோதரர். இத்தகைய குடும்பத்தில் பிறந்தவரை அப்வேர் முழுமையாக நம்பியதில் வியப்பில்லை. போஸ் பெர்லின் சென்ற பிறகு, இந்தியாவுக்குள் இருக்கும் தன் முக்கிய ஆளாகவே அவரைக் கருதியது. பணம் கொடுத்தது, வயர்லெஸ் கருவி கொடுத்தது, ‘இரும்புச் சிலுவை’ விருதும் வழங்கியது.

பகத்ராமின் மனம் வேறு இடத்தில் இருந்தது. இடதுசாரியான அவர், 1941 ஜூன் 22-இல் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்ததும் சோவியத் தரப்புக்கு உழைக்க முடிவு செய்தார். பின்னர் சோவியத் அதிகாரிகளின் ஏற்பாட்டில் பிரிட்டிஷ் உளவுத்துறையோடும் சேர்ந்தார். ‘சில்வர்’ என்ற குறிப்பெயர் பெற்ற அவரை டெல்லியிலிருந்து இயக்கியவர் பீட்டர் ஃபிளெமிங். ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயான் ஃபிளெமிங்கின் அண்ணன். இந்தியா முழுவதும் ரகசியப் புரட்சி அமைப்பு பரவியிருப்பதாகவும், படைகள் இங்கிருந்து அங்கே நகர்வதாகவும் டெல்லியில் புனையப்பட்ட செய்திகள் காபூலுக்கும் பெர்லினுக்கும் போய்ச் சேர்ந்தன. அப்வேர் அவற்றை நம்பியது. தூரத்தில் இருக்கும் உளவுத்துறை, தான் கேட்க விரும்பும் செய்தியைக் கொண்டுவருபவரைச் சந்தேகிப்பதில்லை. இங்கிலாந்துக்கு அது அனுப்பிய உளவாளிகளும் இப்படியே பிரிட்டனின் கைப்பாவைகளாக மாறியிருந்தனர்.

பகத்ராமை எப்படி மதிப்பிடுவது என்பது எளிய கேள்வி அல்ல. நாஜிகளை ஏமாற்றியவர் என்பதால் அவர் போற்றத்தக்கவர். ஆனால் அந்த ஏமாற்றத்தின் மறுபக்கத்தில் போஸ் இருந்தார். தன்னை உயிரைப் பணயம் வைத்து எல்லை கடத்திவிட்டவர் தான் எதிர்த்த ஆட்சிக்கே தகவல் தருகிறார் என்பதை அறியாமலேயே போஸ் அவர் மீது நம்பிக்கை வைத்திருந்தார்.

பயிற்சி பெற்றும் திரும்பாத படை

பெர்லினில் போஸ் அமைத்த சுதந்திர இந்திய மையம், ஆசாத் ஹிந்த் வானொலியில் தமிழ் உள்பட பல இந்திய மொழிகளில் ஒலிபரப்பு நடத்தியது. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்திய வீரர்களிலிருந்து இந்தியப் படையணி ஒன்றும் திரட்டப்பட்டது. சுமார் 2,600 பேர் அதில் சேர்ந்தனர். அவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சிறு குழுவுக்கு, அப்வேர் அதிகாரி ஹார்பிக் மெசெரிட்ஸ் என்ற இடத்தில் வெடிவைத்தல், வயர்லெஸ், பாராசூட் போன்ற பயிற்சிகளை அளித்தார். ஜெர்மானியப் படை காகசஸைக் கடந்து ஈரான் வழியாக இந்திய எல்லையை நெருங்கும்போது இவர்கள் முன்னே செல்ல வேண்டும் என்பது திட்டம். ஸ்டாலின்கிராடோடு அந்தத் திட்டம் முடிந்தது.

1942 மே மாத இறுதியில் தன்னைச் சந்தித்த போஸிடம், இந்திய விடுதலைக்கு ஆதரவான பகிரங்க அறிவிப்பை வெளியிட ஹிட்லர் மறுத்தார். 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே புறப்பட்டார். படையணி நெதர்லாந்துக்கும் பின்னர் பிரான்சின் அட்லாண்டிக் கரைக்கும் அனுப்பப்பட்டது. இந்திய எல்லையில் போரிட வந்தவர்கள் ஐரோப்பியக் கடற்கரையைக் காவல் காக்க வேண்டியதாயிற்று; நெதர்லாந்துக்குச் செல்ல மறுத்த சிலர் தண்டிக்கப்பட்டனர்.

சென்னையில் விழுந்த தூக்கு

1942 ஜனவரியில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகியவை உலகைப் போர்ப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டன. 70 பாகை கிழக்குத் தீர்க்கரேகையே எல்லை. அந்தக் கோட்டின்படி கராச்சி ஜெர்மனி பக்கமும், டெல்லி, பலமனேர், சென்னை எல்லாம் ஜப்பான் பக்கமும் வந்தன. எனவே தென்னிந்தியாவுக்கு உளவாளிகள் பெர்லினிலிருந்து வரவில்லை; பினாங்கிலிருந்து வந்தனர்.

மலாயாவில் வாழ்ந்த இந்திய இளைஞர்கள் அங்கே ஜப்பானியர்களின் மேற்பார்வையில் பயிற்சி பெற்றனர். 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து மலபாரின் தானூர் கரையிலும் குஜராத்தின் கத்தியவார் கரையிலும் இறங்கினர். வேறு சிலர் பர்மா எல்லை வழியாக நுழைந்தனர். அனைவரும் விரைவிலேயே பிடிபட்டனர். அவர்கள் எந்தப் பாலத்தையும் தகர்க்கவில்லை. அதற்கான அவகாசமே கிடைக்கவில்லை. எதிரி முகவர்களுக்கான அவசரச் சட்டத்தின் கீழ் சென்னையில் விசாரணை நடந்தது. திருவிதாங்கூரைச் சேர்ந்த வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரும் 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

அப்வேரின் நாள்களும் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. 1944 பிப்ரவரியில் ஹிட்லர் அதைக் கலைத்து எஸ்.எஸ். அமைப்பின் கீழ் கொண்டுவந்தார். ஹிட்லருக்கு எதிரான சதியில் தொடர்புடையவராகக் குற்றம் சாட்டப்பட்ட கனாரிஸ், 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃபிளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். இந்தியப் படையணியில் எஞ்சியவர்கள் போர் முடிந்ததும் பிடிபட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். பகத்ராம் தல்வார் சுதந்திர இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தில் குடியேறி 1983-இல் காலமானார். செண்பகராமன் பிள்ளை 1934-இலேயே பெர்லினில் இறந்திருந்தார். அவரது அஸ்தி 1966-இல் இந்தியப் போர்க்கப்பல் ஒன்றில் தாயகம் வந்தது. நால்வரும் தூக்கிலிடப்பட்ட சென்னைச் சிறைக் கட்டடம் 2009-இல் இடிக்கப்பட்டது.