‘டார்க் வாட்டர்’: பேயைவிடப் பயமுறுத்தும் வழக்கு

ஜப்பானியப் பேய்ப்படம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, ‘ரிங்’ படத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து தவழ்ந்து வரும் தலைவிரி கோலப் பெண்தான். 1998இல் அதை இயக்கிய ஹிடேயோ நக்காத்தா, 2002இல் ‘டார்க் வாட்டர்’ என்ற இன்னொரு திகில் படத்தைத் தந்தார். இரண்டுக்கும் மூலக்கதை கோஜி சுசுகி எழுதியது. முதல் படத்தின் புகழ் இரண்டாவதற்கு இல்லை. ஆனால் மனத்தை விட்டு அகலாதது இரண்டாவதுதான்.

யோஷிமி கணவரைப் பிரிந்து, பாலர் பள்ளிக்குச் செல்லும் மகள் இக்குக்கோவுடன் பழைய அடுக்குமாடி ஒன்றில் குடியேறுகிறார். வீட்டுக் கூரையில் ஓர் ஈரக்கறை. நாளாக நாளாக அது பெரிதாகிச் சொட்டத் தொடங்குகிறது. புகார் சொன்னால் கட்டடப் பொறுப்பாளர் அசைந்து கொடுப்பதில்லை. மேல்வீட்டு நீர்க்கசிவுக்காக நடையாய் நடந்தவர்களுக்கு இதுவரை பேயே தேவைப்படாது! பிறகு குழாய்த் தண்ணீரில் நீண்ட தலைமுடி வருகிறது. தூக்கி எறிந்த சிறுமியின் சிவப்புப் பை மறுபடியும் வந்து நிற்கிறது.

மேல்வீட்டில் வசித்த மிட்சுக்கோ என்ற சிறுமி முன்பே காணாமல் போனவள். தாய் விட்டுச் சென்ற பிள்ளை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து அவள் இறந்தது யாருக்கும் தெரியாது. கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரைத்தான் புழங்கி வந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் பேய்க்கதை. ஆனால் யோஷிமியை உண்மையில் நடுங்க வைப்பது மகள் யாருக்கு என்ற வழக்குதான். படம் வந்த காலத்தில் ஜப்பானியச் சட்டப்படி, மணமுறிவுக்குப் பின் பிள்ளை மீதான உரிமை பெற்றோரில் ஒருவருக்கு மட்டுமே. அந்தச் சட்டம் திருத்தப்பட்டதே 2024இல்தான். யோஷிமி முன்பு மனநல சிகிச்சை பெற்றவர் என்பதைக் கணவர் தரப்பு கிளறுகிறது. வேலை தேடிப் போனால் பாலர் பள்ளியிலிருந்து மகளை அழைத்துவரத் தாமதமாகிறது. அதுவும் அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். இந்த நிலையில், வீட்டில் பேய் நடமாடுகிறது என்று யாரிடம் சொல்வது? சொன்ன மறுகணமே வழக்கு தோற்றுவிடும். பேயை அவர் தனியாகச் சுமக்கிறார். படத்தின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது.

இருபது ஆண்டுக்கும் மேலான படம் என்பதால் முடிவைச் சொல்வதில் தவறில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குள் ஓடுகிறார் யோஷிமி. கதவு மூடும் நேரத்தில், மகள் வெளியே நடந்து வருவது கண்ணில் படுகிறது. அப்படியானால் கையில் இருப்பது யார்? அம்மா வேண்டும் என்று ஏங்கி நிற்கும் மிட்சுக்கோ. மகளைக் காப்பாற்ற, அந்தப் பேய்ப் பிள்ளைக்குத் தானே தாயாகி அதனுடன் போய்விடுகிறார் யோஷிமி. இக்குக்கோ வெளியே நின்று அழுகிறாள். பத்து ஆண்டுகள் கழித்து அதே வீட்டுக்கு வரும்போதுதான், அம்மா தன்னைக் கைவிட்டுப் போகவில்லை என்பது அவளுக்குப் புரிகிறது.

2005இல் ஜெனிபர் கான்னலி நடிப்பில் ஹாலிவுட்டும் இதை மறுபடி எடுத்தது. முதலில் ஜப்பானியப் படத்தைப் பார்ப்பதே நல்லது. ஹிட்டோமி குரோக்கி யோஷிமியாக நடிக்கவில்லை, களைத்துப்போன ஒரு தாயாகவே வாழ்ந்திருக்கிறார்.