உங்களுக்குத் தெரியுமா? ஆமைக்கு ஊசி முன்காலில்!

ஆமைக்கும் உடும்புக்கும் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் முன்காலில்தான் ஊசி போடுகிறார்கள். ஊர்வனவற்றின் பின்னங்கால், வால் பகுதிகளிலிருந்து திரும்பும் ரத்தத்தில் ஒரு பங்கு முதலில் சிறுநீரகத்துக்குப் போகிறது. பின்னங்காலில் போட்ட மருந்து உடலெங்கும் பரவுமுன் அங்கேயே கொஞ்சம் வெளியேறிவிடலாம். சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்தென்றால் ஆபத்தும் கூடும்.

ஊர்வனவற்றின் உடல் குளிர்ந்திருந்தால் மருந்து சரியாக வேலை செய்யாது. எனவே முதலில் இதமான சூடு, பிறகே சிகிச்சை. பாம்புக்கு செஃப்டாசிடைம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி 72 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும், அத்தனை மெதுவாக அதன் உடல் மருந்தை வெளியேற்றுகிறது!

லேசாக நீர்வற்றிய ஆமையை வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீரில் விட்டால் குடித்துத் தேறும். மிகவும் சோர்ந்துவிட்டால் சலைன் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் எல்லா மருந்தும் ஆமைக்கு ஒத்துக்கொள்ளாது: ஆடுமாடுகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஆமைக்குக் கொடுத்தால் உயிரே போய்விடலாம்.