தரவுத்தளத்திற்கு ஒரு பூட்டு

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். கைவினைத் திறத்தால் உருவாகும் அப்பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. வீட்டுப் பொருளுக்கு இரும்புப் பூட்டுக் காவலாகும். நிலப்பட்டா, மதிப்பெண், வங்கிக் கணக்கு ஆகியனவோ இன்று கணினியின் தரவுத்தளத்தில் உறைகின்றன. அதற்குரிய பூட்டு எத்தகையது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

தரவுத்தளத்தில் இரு கூறுகள் உள. ஒன்று பதிவுகள், மற்றொன்று அவற்றைத் தாங்கும் அட்டவணைகளின் கட்டமைப்பும் இயக்கும் நிரல்களும். தமிழக அரசின் 'தமிழ்நிலம்' போன்ற நில ஆவண மென்பொருளில் பட்டா எண், உரிமையாளர் பெயர், பரப்பு ஆகியன பதிவுகள். பதிவொன்றைத் திரித்தால் ஒருவருக்குக் கேடு. நிரலின் ஒரு வரியைத் திரித்தால், அதனைச் சார்ந்த அனைவருக்கும் கேடு. ஆகவே நிரலுக்கும் கட்டமைப்புக்கும் காவல் மிகுதியும் வேண்டும்.

அக்காவல் நால்வகைப்படும். முதலாவது, உரிமைப் பகுப்பு: பதிவிடும் அலுவலருக்குப் பதிவிடும் உரிமை மட்டுமே, கட்டமைப்பை மாற்றும் உரிமை இல்லை. இரண்டாவது, இடப் பகுப்பு: நிரல் எழுதுவோர் தனிக் கணினியில் எழுதிச் சோதிப்பர், ஒப்புதல் பெற்ற பின்னரே, அது நடைமுறைத் தளத்திற்கு வேறொருவரால் ஏற்றப்படும். மூன்றாவது, 'டிரிக்கர்' என்னும் காவல் நிரல்: அட்டவணையை எவரேனும் மாற்றவோ நீக்கவோ முனைந்தால், அது தடுக்கும், யார், எப்போது என்பதையும் குறித்துவைக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சர்வரில் இவ்வசதி 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. நான்காவது, ஒப்புநோக்கல்: ஒப்புதல் பெற்ற படியோடு நடப்பிலுள்ள நிரலை நாள்தோறும் ஒப்பிட்டு வேறுபாடு காணல்.

எனினும், தலைமை நிர்வாகியே காவல் நிரலை நிறுத்திவிட இயலும். ஆதலின் குறிப்பேடு அவர் கைக்கு எட்டாத வேறொரு கணினியில் இருத்தல் வேண்டும். நிரலை மறைகுறியாக்கினால் போதும் எனச் சிலர் எண்ணுவர். அது படிப்பதைத் தடுக்குமேயன்றி, அழிப்பதைத் தடுக்காது.

இதன் அடிப்படை நமக்குப் புதிதன்று. கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் திருக்குர்ஆன் வசனம் (2:282) கடன்பட்டவர் வாசகம் சொல்லவும், எழுத்தர் நீதியுடன் எழுதவும், சாட்சிகள் உடனிருக்கவும் விதிக்கிறது. பொறுப்பு ஒருவரிடமே குவியாததால் ஆவணம் நிலைபெறுகிறது.

சட்டமும் துணைநிற்கிறது. சட்டப்படி பேணவேண்டிய கணினி மூலநிரலை அறிந்தே மறைத்தாலோ அழித்தாலோ திருத்தினாலோ, 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நிரலின் வடிவமைப்பும் அவ்விளக்கத்துள் அடங்கும்.

நாளை இத்தளங்களைக் கையாளப்போகும் மாணவர்கள் ஒன்றை உளங்கொள்ளல் வேண்டும். நன்னோக்கத்துடன் செய்யும் திருத்தமாயினும், ஒப்புதலின்றிச் செய்யின் அது அத்துமீறலே. பிறர் உரிமை பொதிந்த ஏடு நம் கையில் அமானிதம். அதனைப் பேணுதல் நம் கடன்.