ராமநாதபுரம்: துண்டு துண்டாகக் கிடக்கும் வேலை

முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கத்துக் கிராமப் பெண் ஒருவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வராது. மழைக்காலத்தில் நெல் வயலில் களையெடுப்பு, அது முடிந்தால் மிளகாய்ப் பழம் எடுப்பு, வெயில் ஏறிய பிறகு கரிமூட்டம். அட்டை இருந்து, வேலையும் கொடுத்தால் அரசின் ஊரக வேலைத் திட்டம். இவற்றோடு வீட்டில் நாலு ஆடு. வருடம் முழுக்க உழைக்கிறார்; ஆனால் வருடம் முழுக்க இருக்கும் வேலை என்று ஒன்றுகூட அவருக்கு இல்லை.

காரணம் மண்ணிலும் மழையிலும் இருக்கிறது. வைகை இந்த மாவட்டத்துக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் வற்றிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியில் விதைத்து, கண்மாய் நிறையுமா என்று பார்த்திருக்கும் ஒருபோகச் சாகுபடிதான் பெரும்பகுதி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த வறண்ட மண்ணின் பெருமை. அதைப் பறித்துக் காயவைத்துத் தரம் பிரிப்பதில் பெண்களின் கை அதிகம். அந்த வேலையும் சில மாதங்களுக்குத்தான்.

மீதி மாதங்களைத் தாங்குவது சீமைக் கருவேலம். மரத்தை வெட்டி, தூரைத் தோண்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தபின் பல நாள் காவல் இருக்க வேண்டும். பிறகு புகைக்கும் சாம்பலுக்கும் நடுவே நின்று கரியைப் பிரித்தெடுக்க வேண்டும். நிலமில்லாத குடும்பங்கள், அவர்களிலும் பட்டியல் சாதியினர், இந்த வேலையில் நிறையப் பேர். முன்பணம் வாங்கிய குடும்பம் கூலியைப் பேரம் பேச முடியாது. சீமைக் கருவேலத்தை வேரோடு அழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கான உத்தரவுகளில் இந்தக் குடும்பங்கள் மறுநாள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கும் இடம் இருந்திருக்க வேண்டும்.

இவர்களைக் கணக்கெடுப்புகள் எப்படிப் பார்க்கின்றன? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர் பட்டியலில் வரமாட்டார். மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வில் வாராந்திர அளவுகோல் வேறு: கடந்த ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். வீட்டு வேலையோடு வீட்டுத் தேவைக்கு விறகும் தீவனமும் சேகரிப்பவரோ தொழிலாளர் எண்ணிக்கைக்கே வெளியே. ஏழைகளால் சும்மா இருக்க முடியாது. அதனால், வேலையின்மை விகிதம் குறைவாக இருக்கிறது என்ற செய்தியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடலோரத்தில் நிலைமை இன்னும் கூர்மையானது. பாம்பன் வட்டாரப் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிப் பாறையிலிருந்து பிடுங்கும் வேலை அது. 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா உருவானது. அதற்குள் வரும் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் அவர்கள் கால் வைப்பதே குற்றமாகிவிட்டது. பாசி வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டுமே இறங்குவது என்று அவர்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். கடலைக் காக்க வேண்டியதுதான். ஆனால் அதை யாரைவிடவும் நன்றாக அறிந்தவர்களைத் திருடர்களைப் போல விரட்டுவது நியாயமில்லை.

பெரிய முதலீடு வந்தால் எல்லாம் மாறும் என்பது பலரின் நம்பிக்கை. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டது. அன்றைக்கு ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையம் என்று அதைக் கொண்டாடினார்கள். கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை இருந்தது. கட்டி முடித்த சூரிய மின் நிலையத்துக்கு ஆள் அதிகம் தேவைப்படாது. பலகைகளைத் துடைக்கும் வேலையைக்கூட அங்கே தானியங்கி இயந்திரங்கள் செய்கின்றன.

படித்த பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள். ஆண்கள் திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள் என்று கிளம்பிவிடுகிறார்கள். பட்டம் வாங்கிய பெண்களில் பலர் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குத் திறன் போதவில்லை என்று சொல்லிப் பயிற்சி மையம் திறப்பது வழக்கமாகிவிட்டது. தடை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை; உண்மையிலேயே பெரிய உதவி அது. ஆனால் காலையும் மாலையும் ஒரு வண்டி மட்டும் வரும் ஊரில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன பயன்? ராமநாதபுரத்து ஜவுளிக்கடையில் வேலை முடிய இரவு ஆகிவிடும். கடைசிப் பேருந்து அதற்கு முன்பே போயிருந்தால் அந்த ஊர்ப் பெண்ணுக்கு அந்த வேலை கிடையாது. தண்ணீரும் அப்படித்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலையும் ஊர்கள் இருக்கின்றன. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத வீட்டுப் பெண் எட்டு மணி வேலையை ஒப்புக்கொள்ள முடியாது. கைக்குழந்தையை மாலை வரை பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாயும் முடியாது.

2018-ல் நிதி ஆயோக் வளர்ச்சியை விழையும் மாவட்டங்களின் பட்டியலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இரண்டு மாவட்டங்கள் அதில் இருந்தன, ஒன்று ராமநாதபுரம். அப்போதிருந்து கூட்டங்களும் மதிப்பெண்களும் நிறைய வந்திருக்கின்றன. அடுத்த பயிற்சி மையத்துக்குப் பணம் ஒதுக்கும் முன், கடைசிப் பேருந்து ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை மணிக்குப் போகிறது, தண்ணீர் எப்போது வருகிறது என்று மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகக் கேட்டு எழுத வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்து வண்டி விடட்டும், குழாயைத் திறக்கட்டும். பயிற்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.