சமையற் கழிவு சேருமிடம் எது?

காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் நாம் எங்கே போடுகிறோம்? அமெரிக்க வீடுகள் பலவற்றில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கழிவை அரைக்கும் இயந்திரம் உண்டு. ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-ஆம் ஆண்டு அதை உருவாக்கினார். அரைத்த கூழ் நீரோடு சாக்கடைக் குழாயில் போய்விடும். நம் வேலப்பன்சாவடியில் செப்டிக் டேங்க் உள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது; டேங்க் விரைவில் நிரம்பிவிடும்.

குப்பையோடு கலந்து கொட்டினாலோ, காற்றுப்படாமல் அழுகி மீத்தேன் என்னும் எரியும் வாயு உண்டாகும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. அக்கம்பக்கத்தார் புகையில் தவித்தனர்.

ஆகவே, துளையிட்ட மண்தொட்டியில் கழிவையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி இட்டு, அவ்வப்போது கிளறி வருவோம். சில மாதங்களில் நல்ல உரமாகும். மண் தந்ததை மண்ணுக்கே திருப்பித் தருவோம்!