பெஹுவென்: பசியாத்தின மரம், மக்கள் மீட்ட மரம்

இப்போ திரையில நீங்க பார்க்கிறது சிலி நாட்டோட தேசிய மரம். வெளியுலகம் இதை 'மங்கி பஸ்ஸில்'னு சொல்லும். அந்த மண்ணோட பூர்வகுடிகளான மபூச்சே மக்களுக்கு இது பெஹுவென்.

தெற்குச் சிலியிலயும் பக்கத்துல அர்ஜென்டினாவிலயும், ஆண்டீஸ் மலைச் சரிவுகள்ல வளருது. 40 மீட்டர் உயரம்கூடப் போகும். ஆயிரம் வருஷம் தாண்டின மரங்களும் உண்டு. வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும். தடிச்ச இலை, தொட்டா குத்தும். எரிமலைகளுக்கு நடுவுல வளர்றதால, தீயைத் தாங்குற கனமான பட்டையும் இருக்கு.

மபூச்சேக்கள்ல ஒரு பிரிவு பெஹுவெஞ்சே மக்கள். அவங்க வாழ்க்கையே இந்த மரத்தைச் சுத்தித்தான். பெண் மரத்துல சின்னத் தேங்காய் அளவுக்குக் காய் பிடிக்கும். அது விளைஞ்சு உதிர ரெண்டு வருஷம்கூட ஆகும். ஒரு காய்க்குள்ள நூறு கொட்டைக்கு மேல இருக்கும். அங்க மார்ச், ஏப்ரல்தான் இலையுதிர்காலம். அப்போ குடும்பம் குடும்பமா மலைக்குப் போய்க் கொட்டை பொறுக்குவாங்க. அதை அவிச்சுச் சாப்பிடுவாங்க, வறுப்பாங்க, மாவாக்கி ரொட்டி சுடுவாங்க, புளிக்க வச்சு முதாய்ங்கிற பானமும் பண்ணுவாங்க. மிச்சத்தை மண்ணுல புதைச்சு வச்சா, பனி மூடுற மாசங்களுக்குச் சாப்பாடு ஆச்சு.

இதுக்குப் பின்னாடி ஒரு கதை சொல்றாங்க. ஒரு காலத்துல இந்த மரம் புனிதமானதுன்னு அதோட கொட்டையை யாருமே தொடமாட்டாங்களாம். கடும் பஞ்சம் வந்தப்போ, உணவு தேடிப் போன ஒரு இளைஞனுக்கு எதிர்ல ஒரு கிழவர் வந்து, "கீழ உதிர்ந்து கிடக்கிறதை எடுத்துச் சாப்பிடுங்க"ன்னு சொன்னாராம். அந்தக் கிழவர் அவங்க கடவுளான ங்கெனெச்சென்தான்னு மக்கள் நம்புறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. மரத்தை வெட்டச் சொல்லலை, உலுக்கக்கூடச் சொல்லலை. உதிர்ந்ததை எடுத்துக்கோன்னுதான் சொல்லுது.

ஆனா மரவியாபாரிகளோட கண்ணு பட்டது நேரான அடிமரத்து மேல. 1976-ல சிலி அரசு இதை இயற்கைச் சின்னமா அறிவிச்சு, வெட்டத் தடை போட்டது. 1987-ல, பினோசேயோட ராணுவ ஆட்சியிலயே, அந்தப் பாதுகாப்பு தளர்ந்துபோச்சு. கின்கென் பள்ளத்தாக்குல இருந்த பெஹுவெஞ்சே குடும்பங்கள் மரத்தையும் இழந்து, குடியிருந்த நிலத்தையும் இழக்கிற நிலைமை. அவங்க விட்டுக்கொடுக்கலை, போராடினாங்க. 1990-ல ஜனநாயகம் திரும்பின உடனே தடையும் திரும்ப வந்தது. கின்கென் நிலத்தைப் பின்னால அந்தக் குடும்பங்களுக்காக அரசே விலை கொடுத்து வாங்கினது.

ஆபத்து இன்னும் தீரலை. 2015-ல சைனா முவெர்த்தா காப்புக்காட்டுல பிடிச்ச பெருந்தீயில ஏராளமான பெஹுவென் மரங்கள் கருகிப்போச்சு. அழியும் ஆபத்துல இருக்கிற இனங்களோட உலகப் பட்டியல்ல இன்னைக்கு இதுவும் இருக்கு.

இந்த மரத்தைப் பத்தி நீங்க யார்கிட்டயாவது சொன்னா, அதைக் காக்கப் போராடின பெஹுவெஞ்சே மக்களையும் சேர்த்துச் சொல்லுங்க.